மிளகளவு பித்தளைக் கிண்ணம்: மாற்றிப் போட்டவர்கள் கற்ற பாடம்

அமெரிக்காவில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கும் துவக்கைப் பயன்படுத்துவோரில் பலர், சுட்டு முடிந்த ரவையின் வெறுங்கோதை எறிந்துவிடுவதில்லை. அதனைப் பொறுக்கியெடுத்துத் துடைத்து, வீட்டுக் கொட்டிலில் வைத்திருக்கும் சிறிய கைப்பொறியின் உதவியால் மீண்டும் நிரப்பிக் கொள்கின்றனர். செலவு குறைகின்றது என்பது இதற்கு ஒரு காரணம். தமது துவக்குக்கு ஏற்ற அளவைத் தாமே கண்டு நிரப்பினால் குறி பிசகாது என்பது மற்றொரு காரணம்.

இவ்வாறு நிரப்புவோருக்கென வெடிமருந்துக் கம்பனிகளும் சன்னம் செய்யும் கம்பனிகளும் கையேடுகளை வெளியிட்டு வருகின்றன. எந்தக் கோதுக்கு, எந்தச் சன்னத்துக்கு, எந்த வெடிமருந்தை எவ்வளவு இடவேண்டும் என்ற அட்டவணைகள் அவற்றில் இருக்கும். அந்த அட்டவணையின் தலைப்பில், பரிசோதனையின்போது எந்தக் கம்பனியின் பிரைமர் பயன்படுத்தப்பட்டது என்பதும் தவறாமல் குறிக்கப்பட்டிருக்கும். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கும். உறுப்புகளில் எதனை மாற்றினாலும், பிரைமரின் கம்பனியை மாத்திரம் மாற்றினாலும், வெடிமருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு மீண்டும் அடியிலிருந்து படிப்படியாக வரவேண்டும் என்பதே அது. பத்து வீதம் குறைத்துத் தொடங்குமாறு பல கையேடுகள் கூறும்.

முதன்முறை வாசிப்பவருக்கு இது மிகையான அச்சமாகவே தோன்றும். இரண்டு கம்பனிகளின் பிரைமர்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அளவும் ஒன்று, வடிவமும் ஒன்று. இரண்டும் ஒரே குழியில் இறுகப் பொருந்துகின்றன. கடையை மாற்றி அரிசி வாங்கினால் உலை வெடித்துவிடுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் அந்த இரண்டு வரி எச்சரிக்கைக்குப் பின்னால் நிற்கின்றது. துவக்கின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த தலைமுறைகள் நம்மிடையே உள்ளன. அந்தச் சத்தம் தொடங்கும் இடமான இச்சிறு பொருளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அதன் வரலாறு துவக்கு வைத்திருப்போருக்கு மாத்திரம் உரியதன்று என்பதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

ரவையின் நான்கு உறுப்புகள்

நாம் ரவை என்றும் தோட்டா என்றும் சொல்வது நான்கு உறுப்புகளால் ஆனது. பறந்து செல்வது சன்னம். அதனைத் தள்ளும் வாயுவைத் தருவது வெடிமருந்து. இரண்டையும் தாங்கி நிற்பது பித்தளைக் கோது. கோதின் அடிப்பாகத்து நடுவில் பதிந்திருக்கும் சிறு வட்டமே பிரைமர்.

பெரிய ரைபிள் பிரைமரின் குறுக்களவு 0.210 அங்குலம், சிறியதன் குறுக்களவு 0.175 அங்குலம். ஏறத்தாழ ஒரு மிளகின் பருமன். இந்தச் சிறு கிண்ணத்துக்குள், அடிபட்ட மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனக் கலவை ஒரு படலமாகத் தடவப்பட்டிருக்கும். அதற்கு எதிரே, கொல்லனின் பட்டடையைப் போன்ற ஒரு சிறு உலோக முனை இருக்கும். துவக்கின் ஊசி வெளியிலிருந்து கிண்ணத்தை அடிக்கும்போது, கலவை பட்டடைக்கும் தகட்டுக்கும் இடையில் நசுங்கித் தீப்பற்றுகின்றது. அந்தச் சுவாலை கோதின் அடியிலுள்ள துளைவழியே பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கின்றது.

வெளியில் ஒன்றாகத் தோன்றும் பிரைமர்கள் உள்ளே வேறுபடுகின்றன. கலவையின் நிறை, சுவாலையின் நீளம், அதன் வெப்பம், அதனுடன் பறக்கும் சூடான துகள்களின் அளவு, கிண்ணத் தகட்டின் தடிப்பு, அதன் கடினத்தன்மை ஆகிய யாவும் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரே கம்பனியிலும் சாதாரண வகைக்கும், பெரிய கோதுகளுக்கென்று செய்யப்படும் ‘மக்னம்’ வகைக்கும் இடையில் வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டின் விளைவு என்ன? புகழ்பெற்ற அமெரிக்க ரவையான .30-06 வெடிக்கும்போது ஏற்படும் அழுத்தத்துக்கு, ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் என உச்ச வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஒரு காரின் சக்கரத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 இறாத்தல். அதாவது, சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தூரத்தில், கார்ச் சக்கரத்தைப் போல இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் அடைபட்டு நிற்கின்றது. உச்ச வரம்பையொட்டி நிரப்பிய ரவையில் மென்மையான பிரைமருக்குப் பதிலாக வலிமையானதைப் போட்டால், அதே வெடிமருந்து வேகமாக எரிந்து அழுத்தம் வரம்பைக் கடக்கலாம். பிரைமரின் தகடு துளைபடலாம். கோதின் அடி பிளந்து சுடுவாயு முகத்தை நோக்கி வரலாம். மறுதலையாக, எளிதில் பற்றாத வெடிமருந்தின் கீழே வலிமை குறைந்த பிரைமரை வைத்தால், விசையை இழுத்த பின் ஒரு கணம் எதுவும் நிகழாமல் இருந்து பின்னர் வெடிக்கலாம். வெடிக்கவில்லை என்று எண்ணித் துவக்கைத் திறப்பவருக்கு அந்த ஒரு கணம் போதும்.

பறவைகளுக்கு அஞ்சிய போதகர்

அடித்தால் வெடிக்கும் இரசதப் பொருள் ஒன்றை, மேர்க்குரி புல்மினேற் என்பதனை, 1800ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சொசைற்றிக்கு விவரித்தவர் எட்வேர்ட் ஹவார்ட் என்ற இரசாயன அறிஞர். இத்தகைய பொருள்களைக் கொண்டு துவக்கைச் சுடலாம் என்று காட்டியவரோ ஓர் இராணுவ வீரர் அல்லர். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பகுதியில் பெல்ஹெல்வி என்ற சிற்றூரில் திருப்பணி செய்த அலெக்சாண்டர் ஜோன் ஃபோர்சைத் என்ற போதகர்.

ஃபோர்சைத் நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதில் விருப்பமுடையவர். அக்காலத் துவக்குகளில் சிக்கிமுக்கிக் கல் உரசி வெளியே ஒரு தட்டிலுள்ள மருந்து முதலில் எரியும். அதன் பிறகே உள்ளேயுள்ள மருந்து வெடிக்கும். முதற் சுவாலையைக் கண்டதும் பறவைகள் பறந்துவிடும். இந்தச் சில்லறைத் தொல்லையைத் தீர்க்க முனைந்தவர், 1807ஆம் ஆண்டு ஏப்ரலில் அடித்து வெடிக்கும் முறைக்கான காப்புரிமையைப் பெற்றார். அதற்கு முன்னர் 1806இல் இலண்டன் கோபுரத்தில் அரசின் ஆதரவுடன் அவர் ஆய்வு செய்தார். படைக்கலத் துறைக்குத் தலைமை தாங்கியவர் மாறியதும், புதியவர் அவரை வெளியேறுமாறு பணித்துவிட்டார்.

ஃபோர்சைத்தின் கருத்தை எளிமையாக்கி, கலவையைச் சிறு உலோகத் தொப்பிக்குள் அடைத்துத் துவக்கின் காம்பில் கவிழ்க்கும் முறை அடுத்துவந்த ஆண்டுகளில் தோன்றியது. அதனைக் கண்டவர் தாமே என்று உரிமை கோரியோர் பலர். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷோ 1822இல் அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார்.

பிரித்தானிய இராணுவம் 1834இல் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டுப் பரிசோதித்தது. ஒவ்வொன்றிலும் 6000 வேட்டுகள். சிக்கிமுக்கித் துவக்கு 922 முறை வெடிக்கத் தவறியது. தொப்பித் துவக்கு 36 முறை மாத்திரமே தவறியது. போர்க்களத்தில் நிற்பவனுக்கு ஆறு அல்லது ஏழு வேட்டுக்கு ஒன்று தவறுவதற்கும், நூற்று அறுபத்தாறுக்கு ஒன்று தவறுவதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகும். ஒரு சிறு உறுப்பை மாற்றியதால் கிடைத்த மாபெரும் நன்மை இது. மாற்றமே கூடாது என்பதன்று வரலாறு கூறும் செய்தி. இந்த மாற்றம் 12,000 வேட்டுகளால் அளந்து பார்க்கப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

இரண்டு கேணல்கள், இரண்டு வழிகள்

தொப்பி பின்னர் கோதுக்குள்ளேயே புகுந்தது. 1860களின் நடுப்பகுதியில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இருபுறமும் இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதற்கு வழிகண்டனர். ஒருவர் வூலிச் படைக்கலச் சாலையில் றோயல் லபோரற்றரியின் தலைவராக இருந்த எட்வேர்ட் மூனியர் பொக்சர். மற்றவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசூடும் படையணிக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பேர்டன்.

பொக்சரின் முறையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். கோதின் அடியில் நடுவாக ஒரே ஒரு துளை. பேர்டனின் முறையில் பட்டடை கோதின் ஒரு பகுதியாகவே இருக்கும்; அதன் இருமருங்கிலும் இரண்டு சிறு துளைகள். வரலாற்றின் வேடிக்கை என்னவெனில், பிரித்தானியர் கண்ட முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் பின்னர் சீனாவிலும் பரவியது. பிரித்தானிய இராணுவத்தின் .303 ரவைகூடப் பிற்காலத்தில் பேர்டன் வகையையே பயன்படுத்தியது.

இத்தேர்வு மீள்நிரப்பும் பழக்கத்தின் தலைவிதியை நிர்ணயித்தது. நடுவில் ஒரு துளை இருந்தால், மேலிருந்து ஒரு கம்பியைச் செலுத்திப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். இரண்டு துளைகள் ஓரமாக இருந்தால் அது எளிதன்று. அமெரிக்க இராணுவம் 1880களின் தொடக்கத்தில் தனது .45-70 ரவைக்கு வெளியிலிருந்து பொருத்தும் பிரைமரைக் கொண்டுவந்தபோது, பயிற்சிக்காகச் சிப்பாய்களே கோதுகளை மீண்டும் நிரப்புவது இலகுவாயிற்று. அமெரிக்காவின் கொட்டில்களில் இன்றும் இத்தொழில் நடப்பதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம் எனலாம்.

இலங்கையில் போர்க்காலத்தில் வளவுகளிலும் வயல்களிலும் கிடந்த ரி-56 துப்பாக்கியின் கோதுகளைச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடியதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். சீனத் தயாரிப்பான அந்த உருக்குக் கோதுகளின் உள்ளே வெளிச்சம் படும்படி பார்த்தால் தெரிவன பேர்டனின் இரண்டு சிறு துளைகளே. ஒருமுறை சுட்டு எறிவதற்கென்றே அவை செய்யப்பட்டவை.

துருவும் வெடிப்பும்

ஆரம்பகாலப் பிரைமர்களில் மேர்க்குரி புல்மினேற்றே முதன்மை உறுப்பு. கரும்புகை எழுப்பும் பழைய வெடிமருந்து இருந்தவரை அதனால் பெரிய தீங்கு தெரியவில்லை. குழலுக்குள்ளும் கோதுக்குள்ளும் மண்டிய கரியோடு இரசமும் கலந்து போய்விடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற வெடிமருந்து வந்தது. பிரைமர் மாறவில்லை, அதன் பக்கத்திலிருந்த உறுப்பு மாறிவிட்டது. மூடிமறைக்கக் கரி இல்லாத நிலையில், இரசம் நேரே பித்தளையைப் பற்றி அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கியது. மீண்டும் நிரப்பிய கோதுகள் வெடித்துப் பிளந்தன. நேற்றுவரை தீங்கற்றதாயிருந்த ஒன்று, தான் மாறாமலே இன்று தீங்கானதாக மாறிற்று.

ஆகவே, அமெரிக்க இராணுவம் அந்நூற்றாண்டு முடிவதற்குள் இரசத்தைக் கைவிட்டு, பொட்டாசியம் குளோரேற்றை முதன்மையாகக் கொண்ட கலவைக்கு மாறியது. கோதுகள் தப்பின, குழல்கள் துருப்பிடித்தன. எத்துணை எண்ணெய் பூசினாலும் மறுநாள் குழலுக்குள் துரு எட்டிப்பார்த்தது. புகையற்ற வெடிமருந்தில் எஞ்சும் அமிலமே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற எண்ணெய்களும் சந்தைக்கு வந்தன.

1922இல் அமெரிக்கச் சுரங்கத் திணைக்களத்தின் ஆய்வாளர் வில்பேர்ட் ஹஃப் உண்மையைத் தெளிவாக்கினார். குற்றவாளி வெடிமருந்தன்று, பிரைமரே. குளோரேற் எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைட்டு. அது நாம் உண்ணும் உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உருக்கை அரிக்கும். எண்ணெயில் உப்புக் கரையாது, நீரில் கரையும். எனவே மருந்து வெறும் தண்ணீர். காரணம் அறியாமலேயே, கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவும் வழக்கம் பிரித்தானியச் சிப்பாய்களிடம் இருந்தது. ஆய்வுகூடத்துக்கு முன்னரே அனுபவம் விடையைக் கண்டுகொண்ட தருணங்களில் இதுவும் ஒன்று.

1920களின் பிற்பகுதியில் துருப்பிடிக்கச் செய்யாத பிரைமர்கள் சந்தைக்கு வந்தன. ஜேர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் ‘சினொக்சிட்’, அமெரிக்காவில் ரெமிங்டனின் ‘கிளீன்போர்’ ஆகியன முன்னோடிகள். ஆனால் அமெரிக்காவின் ஆரம்பகாலத் துருவற்ற கலவைகளில் மீண்டும் இரசம் இடம்பெற்றது. ஆக, அக்காலத்தில் மீள்நிரப்புவோர் முன்னால் இருந்த பெட்டிகளுள் ஒருவகை குழலைக் கெடுக்கும், கோதைக் காக்கும். மற்றொருவகை குழலைக் காக்கும், கோதைக் கெடுக்கும். கிண்ணங்களோ வேறுபாடு தெரியாத இரட்டையர்கள். ஈய ஸ்டிஃப்னேற்றை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் பரவிய பிறகே இரண்டு தொல்லைகளும் ஒருங்கே நீங்கின.

1917: போர்வாசலில் ஒரு மாற்றம்

பிரைமரின் தயாரிப்பாளரை மாற்றுவது எவ்வளவு பாரிய முடிவாக இருக்கலாம் என்பதற்கு முதலாம் உலகப் போரிலிருந்து ஒரு நிகழ்வைக் கூறலாம். பிலடெல்பியாவிலிருந்த பிராங்போர்ட் படைக்கலச் சாலை அமெரிக்க இராணுவத்தின் ரவைத் தயாரிப்பில் தாய்வீடு போன்றது. அங்கே பயன்பட்ட பிரைமர்க் கலவையில் குளோரேற்றுடன் கந்தகமும் இருந்தது. சில ஆண்டுகள் அது குறைசொல்ல இடமின்றி வேலை செய்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. உற்பத்தி பன்மடங்காகப் பெருகிய அவ்வாண்டில், அச்சாலையின் ரவைகள் வெடிக்கத் தவறுவதும் தாமதித்து வெடிப்பதும் தெரியவந்தது. ஈரப்பதத்தில் கந்தகம் மெல்ல அமிலமாக மாறிக் கலவையைக் கெடுத்திருந்தது. விமானங்களின் இயந்திரத் துப்பாக்கிகள் சுழலும் விசிறியின் அலகுகளுக்கு இடையே சுடத் தொடங்கியிருந்த காலம் அது. ரவை ஒரு கணம் தாமதித்து வெடித்தால், சன்னம் எதிரியை நோக்கிப் போகாமல் தனது விமானத்தின் விசிறியையே துளைக்கும்.

படைக்கலச் சாலை தனது கலவையைக் கைவிட்டு, வின்செஸ்டர் கம்பனி ஏற்கெனவே பயன்படுத்திவந்த, கந்தகம் சேராத கலவையை ஏற்றுக்கொண்டது. எஃப்.ஏ. 70 என்று பெயரிடப்பட்ட அக்கலவை இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரும் பயன்பாட்டில் இருந்தது. அமெரிக்கப் படைக்கலத் துறையின் அதிகாரியும் இத்துறையின் தலைசிறந்த எழுத்தாளருமான ஜூலியன் ஹட்சர் இவ்விவகாரத்தைத் தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

எஃப்.ஏ. 70 குழலைத் துருப்பிடிக்கச் செய்யும் வகை. துருவற்ற பிரைமர்கள் கடைகளில் கிடைத்த காலத்திலும் இராணுவம் பிடிவாதமாக இதனையே வைத்திருந்தது. இதனைப் பழைமைவாதம் என்று எளிதில் ஏளனம் செய்யலாம். ஆனால் இராணுவத்தின் கணக்கு வேறு. ரவை பத்து, இருபது ஆண்டுகள் பனியிலும் வெயிலிலும் களஞ்சியத்தில் கிடந்த பிறகும் வெடிக்க வேண்டும். பழைய கலவை அவ்வாறு நிலைக்கும் என்பது தெரியும். அதன் தீங்கும் தெரியும். அதற்கு மருந்து தண்ணீர் என்பதும் தெரியும். புதியது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1941இல் ஏற்கப்பட்ட எம்1 கார்பைனுக்கு மாத்திரம் தொடக்கத்திலிருந்தே துருவற்ற பிரைமர் வழங்கப்பட்டது. அத்துப்பாக்கியின் வாயு இயங்குபகுதியைச் சிப்பாய் கழற்றித் துப்புரவு செய்ய இயலாது என்பதே காரணம். ஏனைய ரவைகள் 1950களின் தொடக்கமளவிலேயே முற்றாக மாறின. தெரிந்த குறையைத் தெரியாத நிறைக்காக அவசரப்பட்டுக் கைவிடாமை என்று இதனைச் சொல்லலாம்.

வியட்நாமில் செலுத்திய விலை

அந்த நிதானம் அடுத்த தலைமுறையில் தவறியது. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-15, பின்னர் எம்16 என்று பெயர்பெற்ற துப்பாக்கி, டூபோண்ட் கம்பனியின் ஐ.எம்.ஆர். 4475 என்ற வெடிமருந்துடன் வளர்க்கப்பட்டது. துப்பாக்கி வேறு, ரவை வேறு என்று பிரிக்க இயலாத அமைப்பு அது. ரவையிலிருந்து வரும் வாயுவே அடுத்த வேட்டுக்கான இயக்கத்தைத் தருகின்றது.

1963இலேயே ஒரு சிறு அபாயம் தெரிந்தது. இத்துப்பாக்கியில் ஊசி சுருள்வில்லால் கட்டுப்படாமல் தளர்வாக இருக்கும். ரவை உள்ளே போய்க் கதவு மூடும் வேகத்தில் ஊசி முன்னோக்கி வந்து பிரைமரைத் தொடும். மெல்லிய பிரைமராயின் விசையைத் தொடாமலே வெடித்துவிடலாம். இதற்காக ஊசியின் நிறை குறைக்கப்பட்டதுடன், பிரைமர் எவ்வளவு அடிக்கு வெடிக்கவேண்டும், எவ்வளவு அடிக்கு வெடிக்கக்கூடாது என்பதற்கும் வரையறை இறுக்கப்பட்டது. மீள்நிரப்புவோர் இன்றும் இத்தகைய துப்பாக்கிகளுக்குத் தடித்த கிண்ணமுள்ள இராணுவ வகைப் பிரைமரைத் தேடுவது இதனாலேயே.

பிரைமர் விடயத்தில் காட்டிய இந்தக் கவனம் வெடிமருந்து விடயத்தில் காட்டப்படவில்லை. குறித்த வேகத்தையும் குறித்த அழுத்தத்தையும் ஒருசேரப் பேணிப் பெருமளவில் தயாரிப்பது ஐ.எம்.ஆர். 4475க்குக் கடினமாக இருந்தது. 1964இல் ஒலின் நிறுவனத்தின் உருண்டைவடிவ வெடிமருந்தான டபிள்யூ.சி. 846க்கு இராணுவம் ஒப்புதல் அளித்தது. சன்னத்தின் வேகம் சரியாக இருந்தது. உச்ச அழுத்தமும் வரம்புக்குள் இருந்தது. கடதாசியில் இரண்டும் ஒன்றே. ஆனால் புதிய மருந்து வாயுக்குழாயில் கொடுத்த தள்ளுகை வேறாக இருந்தது. துப்பாக்கி வடிவமைக்கப்பட்டதைவிட வேகமாக இயங்கியது. புதிய மருந்தில் கலந்திருந்த கல்சியம் காபனேற்றின் படிவும் சேர்ந்தது. வியட்நாமின் ஈரமும், குரோம் பூசப்படாத ரவை அறையும், துப்புரவு உபகரணப் பற்றாக்குறையும் கூட்டுச் சேர்ந்தன. சுட்ட கோது வெளியே வராமல் துப்பாக்கிகள் சிக்கின. சிக்கிய கோதைக் கம்பியால் குத்தித் தள்ள முயன்றபடியே இறந்த சிப்பாய்கள் உண்டு.

இவ்விவகாரம் வெளிவந்த விதத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் குறிப்பிடாமல் இருக்க இயலாது. களத்திலிருந்த சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களே முதற் சாட்சிகள். அத்தகைய ஒரு கடிதம் 1967 மே மாதத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தின் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வெளியாகி, கொங்கிரஸ் சபையிலும் எடுத்துரைக்கப்பட்டது. பிரதிநிதி ரிச்சர்ட் ஐக்கோர்ட் தலைமையிலான உபகுழு விசாரித்து அவ்வாண்டு ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. வெடிமருந்து மாற்றத்தை அது முதன்மைக் காரணமாகச் சுட்டியது. மற்றொரு செய்தியும் அதில் இருந்தது. புதிய மருந்துடன் சுட்டால் துப்பாக்கிகள் வேக வரம்பைக் கடந்து பரிசோதனையில் தோற்கும் என்பதனால், தொழிற்சாலையில் அவற்றைப் பழைய மருந்துள்ள ரவைகளால் பரிசோதித்துக் கையளிக்க அனுமதி வழங்கப்பட்டிருந்தது. களத்தில் சிப்பாய்க்குக் கிடைத்ததோ புதிய மருந்து.

மாற்றுபவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்

வீட்டுக் கொட்டிலில் ரவை நிரப்புகின்றவருக்கும் வொஷிங்டன் அலுவலகத்தில் கையொப்பமிட்டவருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முன்னவர் பிரைமரை மாற்றினால், அந்தத் துவக்கைத் தன் கன்னத்தில் வைத்துச் சுடப்போவதும் அவரே. ஆகவே அவர் கையேட்டின் இரண்டு வரியை மதிக்கின்றார், அளவைக் குறைக்கின்றார், ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் கோதைத் திருப்பிப் பார்த்து, பிரைமரின் முகம் தட்டையாகியுள்ளதா, துளைபட்டுள்ளதா என்று தேடுகின்றார். பின்னவர் மாற்றியது, தாம் ஒருபோதும் காணாத இளைஞர்களின் கைகளில் வெடித்தது. அல்லது வெடிக்காமல் நின்றது.

இந்த வரலாறு முடிந்துவிடவுமில்லை. 2020இல் பெருந்தொற்றுடன் அமெரிக்காவில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது பிரைமர்கள் கடைகளிலிருந்து மறைந்தன. வழக்கமாக வாங்கும் பெட்டி கிடைக்காதவர்கள் கிடைத்த பெட்டியை வாங்கினர். கையேட்டின் எச்சரிக்கை, ஒரு தலைமுறை முழுவதற்கும் அன்றாடக் கேள்வியாயிற்று. இதனிடையே, அதே ஆண்டில் வங்குரோத்தான ரெமிங்டனின் ரவைத் தொழில், சி.சி.ஐ., பெடரல் ஆகிய பெயர்களுக்கு உரிமையாளரான விஸ்டா அவுட்டோர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2024இல் இம்மூன்று பெயர்களும் செக் நாட்டுக் குழுமம் ஒன்றிடம் ஒருங்கே சென்றன. உரிமையாளர் ஒருவரே என்பதனால் மூன்று பெட்டிகளுக்குள்ளும் இருப்பது ஒன்றாகிவிடாது. பெட்டியின் பெயர் சந்தைக்குரியது. கிண்ணத்துக்குள் இருப்பது இரசாயனத்துக்குரியது.

அளவு பொருந்துகின்றது என்பதனைத் தரம் பொருந்துகின்றது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் துவக்குக்கு மாத்திரம் உரியதன்று. ஒரே பெயரில் வரும் வேறு கம்பனியின் மருந்துக் குளிசை, ஒரே பருமனில் வரும் வேறு ஆலையின் கம்பி, ஒரே பதவிக்கு வரும் வேறு மனிதர் என எத்தனையோ இடங்களில் நாம் குழியில் பொருந்துவதை வைத்தே முடிவு செய்கின்றோம். மாற்றுவது பிழையன்று. ஃபோர்சைத் மாற்றாதிருந்தால் சிக்கிமுக்கிக் கல் இன்னும் சில காலம் உரசிக்கொண்டிருக்கும். ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்த யாவற்றையும் மீண்டும் அளக்கவேண்டும் என்பதே இந்த மிளகளவு பொருள் தரும் படிப்பினை. அளக்கும் பொறுப்பு மாற்றுபவருடையது. அதனை அவர் செய்யாவிட்டால், அவருக்குப் பதிலாக வேறொருவர் எங்கோ ஓர் இடத்தில் தன் உடலால் அளந்துகொடுக்க நேர்கின்றது.